மூன்றாம் மாடியின் ஏர் ஹோல்கள்

பிள்ளைகளே, கரண்டுச் செலவும் புகையும் குறைவான நகரத்தை எப்படிக் கட்டுவது என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னதாக என்னிடம் கேட்டீர்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கேரளாவில், கழக்கூட்டத்தில் கட்டிய ஒரு ஃப்ளாட்டைப் பற்றித்தான் எனக்குச் சொல்லத் தெரியும்.

அப்போது ஐ.டி. பார்க் ஆட்களுக்காக அங்கே வரிசையாகக் கட்டடங்கள் எழும்பின. நான் கொத்தனார், உங்கள் அம்மா அதே சைட்டில் சித்தாள். ஜன்னலுக்கு மேலே, கூரையை ஒட்டி, சூடு வெளியேற இரண்டு ஏர் ஹோல் விட்டுத்தான் சுவர் வைத்துப் பழக்கம். கைப்பழக்கத்தில் மூன்றாம் மாடி முழுக்க விட்டுவிட்டேன். பிளானைப் பார்க்காதது என் தப்புதான்.

இன்ஜினியர் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார். தமிழ்நாட்டுக்காரனை அங்கே மட்டமாகப் பாண்டி என்பார்கள்.

“பாண்டிக்கு ஓட்டையில்லாம வீடு கெட்டத் தெரியாதா? இது ஏ.சி. ஃப்ளாட்டாக்கும். பிளான்ல உண்டோ இது?”

“இல்ல சார். கரண்டு போனா உள்ள இருக்கவங்க வெந்து போவாங்களே.”

“அது நீ நோக்கண்டா. அடை.”

சித்தாள் யாரையும் அவர் தொடவிடவில்லை. செங்கலையும் சாந்தையும் நானே சுமந்து, நானே அடைத்தேன். மற்றவர்கள் சிரித்தார்கள். உங்கள் அம்மா மணல் சட்டியோடு நின்று பார்த்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இந்த ஆள் ஒருநாள் என்னிடம் வந்து கேட்க வேண்டும், நான் முடியாது என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு கோடையிலும் இதை நினைத்துக்கொண்டேன்.

அவரே அந்த மூன்றாம் மாடியில் மேற்குப் பார்த்த ஃப்ளாட் ஒன்றை வாங்கிக் குடிவந்தார். ஒரு மீனமாதம், நம்மூர்ப் பங்குனி வெயிலில், நான் வேலை செய்த வேறு சைட்டுக்குத் தேடி வந்தார்.

“மேஸ்திரி, கரண்டு போனா ரூம்ல இருக்க வய்யா. ஜெனரேட்டர்ல ஏ.சி. ஓடாது. குட்டிக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அந்த ஹோல் ரெண்டு திறந்து தரணும்.”

“பிளான்ல இல்லையே, சார்.”

“அன்னைக்குச் சொன்னதை மனசுல வெச்சிருக்கியா?”

“நான் பாண்டி, சார். எனக்கு அடைக்கத்தான் தெரியும்.”

அவர் முகம் சுருங்கிப் போனதை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். வேறு கொத்தனாரையும் போகவிடாமல் சொல்லி வைத்தேன். அன்றிரவு உங்கள் அம்மாவிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. “அந்தக் குட்டி உங்கள என்ன சொல்லிச்சு?” என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த ஞாயிறு நீங்கள் எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்தீர்கள். நம் ஷீட் வீட்டின் கதவையும் ஜன்னலையும் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்தேன். சட்டை நனைந்து முதுகில் ஒட்டும்வரை எழுந்திருக்கவில்லை.