கருப்பை ஸ்கேனுக்கு ஒரு திக்விஜயம்: ஒரகடம் முதல் பூந்தமல்லி வரை

போன வெள்ளிக்கிழமை நான் நடத்திய இந்தத் திக்விஜயத்தை எழுதச் சொன்னவள் என் அக்கா மகள் சுமதி. "நம்மள மாதிரி போறவங்களுக்கு உதவும், எழுது மாமா" என்றாள்.

அவளுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி; குழந்தைக்காகச் சோதனைக்குழாய் சிகிச்சை. முட்டை வளர்க்கும் ஊசி அதிகம் போட்டால் ஆபத்து என்று, முதிராத முட்டைகளை எடுத்து ஆய்வகத்தில் முதிர வைத்தார்கள். மூன்று கரு கிடைத்தது. அவற்றைத் தாங்குமளவு கருப்பையின் உள்படலம் தடித்திருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த ஸ்கேன். தடித்திருந்தால் மறுநாளே கருவை உள்ளே வைப்பார்கள். கணவன் செல்வத்துக்குக் காலை ஷிப்ட். ஆகவே தேரோட்டி அடியேன்.

ஏழு மணிக்குக் கிளம்பினோம். சுமார் முப்பது கிலோமீட்டர். ஸ்கேன் என்றால் தண்ணீர் குடிக்க வேண்டுமே! செம்பரம்பாக்கம் ஏரியில் பாதியை அவளுக்குப் புகட்டினேன். ஸ்ரீபெரும்புதூரில் கன்டெய்னர் லாரிகள் இமயமலைபோல் வழிமறித்தன.

"மெதுவா போ மாமா. இன்னொரு பள்ளம் வந்துச்சு, மெட்ராசுக்கே வெள்ளம்தான்."

இருங்காட்டுக்கோட்டை பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். இறங்க மறுத்தாள். ஸ்கேன் கெட்டுவிடும் என்று பயம்.

மருத்துவமனையில் நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டார். "யாரும்மா தண்ணி குடிக்க சொன்னது? உள்ள வெச்சிப் பாக்குற ஸ்கேனுக்குக் காலியா இருக்கணும். ஓடு!"

சுமதி என்னைப் பார்த்த பார்வையில் மீதி ஏரியும் வற்றியது.

ஸ்கேன் முடிந்து டாக்டர் எங்களை உட்கார வைத்தார். "முதிராத முட்டையா எடுத்ததால, உள்படலத்த, அதான் லைனிங்க, வளக்குற ஈஸ்ட்ரோஜன் பெருசா ஏறல. எடுத்தப்புறம் இருந்ததும் இறங்கிடுச்சு. மாத்திரை குடுத்தும் லைனிங் மெலிசாதான் இருக்கு. கருவ உறைய வெச்சிடலாம். லைனிங்க வளத்துட்டு அப்புறம் வெப்போம்."

"நான் இன்னா தப்பு பண்ணேன் டாக்டர்?"

"ஒண்ணும் பண்ணலம்மா. இந்த முறையில இது சகஜம்."

காரில் செல்வத்துக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அழுதுகொண்டே டாக்டர் சொன்னதைச் சொன்னாள். அவன் தூத்துக்குடிக்காரன், குரல் காருக்கே கேட்கும்.

"மூணும் நல்லாருக்குல்லா?"

"ம்."

"பொறவு என்னத்துக்குட்டி அழுத? அதுவ அங்கன தூங்கட்டும். நீ வந்து சாப்ட்டுத் தூங்கு."

அழுதுகொண்டே சிரித்தாள்.

போகிறவர்களுக்கு: எந்த ஸ்கேன், தண்ணீர் குடிக்கலாமா என்று முந்தின நாளே மருத்துவமனையில் கேளுங்கள், மாமாவைக் கேட்காதீர்கள். லாரி நெரிசலுக்காக முக்கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். திரும்பும்போது வண்டியோட்டுபவர் ஆறுதல் சொல்ல வேண்டாம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கினால், பள்ளம் பார்த்து ஓட்டினால் போதும்.