எட்டு கேட்டார்கள், ஒன்றுதான் கொடுத்தேன்: ஆனேக்கல் சாலையில் ஒரு நேர்காணல்

சமூகவியல் படித்தவருக்கு வேலை எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், இனிமேல் நான் கிலோமீட்டர் கணக்கில் பதில் சொல்வேன். கிருஷ்ணகிரியிலிருந்து எண்பத்து நான்கு. நான்கு வண்டி மாற வேண்டும்.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கல்லூரியில் பதினோரு வருடமாகக் கௌரவ விரிவுரையாளர் நான். பெயரில் கௌரவம் இருக்கிறது. மே மாதம் சம்பளம் இல்லை. ஜூன் மாதம் சான்றிதழ்க் கோப்பைத் தூக்கிக்கொண்டு, புதிதாக வந்தவளைப் போல மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். பெங்களூருவில் ஆனேக்கல் சாலையில் இருக்கும் ஒரு சமூக ஆய்வு நிறுவனம் நிரந்தர ஆய்வாளர் பணி ஒன்றுக்கு விளம்பரம் கொடுத்திருந்தது. வயது வரம்பு நாற்பது. எனக்கு ஏப்ரலில் நாற்பது முடிகிறது. பிப்ரவரி இரண்டாம் வாரம் நேர்காணல். அந்தக் கதவை நான் தட்டக்கூடிய கடைசித் தடவை அதுதான். வீட்டில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. என் கணவர் மட்டும், வழக்கமில்லாத வழக்கமாக, என் கைப்பைக்கு சோப்புப் போட்டுத் துடைத்து வைத்திருந்தார்.

வியாழக்கிழமை மதியம் 1.10க்குக் கிளம்பினேன். கிருஷ்ணகிரி - ஓசூர் ஐம்பது கிலோமீட்டர், 45 ரூபாய், ஒன்றே கால் மணி நேரம். ஓசூரிலிருந்து எல்லையோரம் ஜூஜூவாடி வரை டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அங்கிருந்து அத்திப்பள்ளிக்கு ஷேர் ஆட்டோ, 20 ரூபாய். அத்திப்பள்ளியில் பெங்களூரு பஸ் ஏறி உட்கார்ந்ததும் கண்டக்டர் கையை நீட்டினார்.

"ஆதார் தோர்சி மேடம்."

காட்டினேன். இந்தப் பக்கமும் பெண்களுக்கு இலவசம்தானே என்கிற தைரியம். அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

"கிருஷ்ணகிரியா? கர்நாடகா அட்ரஸ் இருந்தாத்தான் ஃப்ரீ. அட்ரஸ் மாத்திக்கினு வாங்க, டெய்லி ஃப்ரீயா கூட்டினு போறேன். இப்ப டிக்கெட் எடுங்க."

முப்பது ரூபாய். இரண்டு கிலோமீட்டருக்கு முன்னால் நான் மதிப்புமிக்க மகளிர்; இந்தப் பக்கம் வெறும் பயணி. பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள்: நிறுவனம் இருப்பது சந்தாபுரத்திலிருந்து ஆனேக்கல் போகும் சாலையில், ஐந்தாவது கிலோமீட்டரில். அதைத் தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டி வரை போய்த் தங்கினேன், காலையில் ஆறு கிலோமீட்டர் திரும்பி வர வேண்டியதாயிற்று. என் பழைய மாணவி ரேவதி அங்கே ஒரு பெண்கள் விடுதியில், பிஜி என்பார்கள், இருக்கிறாள். விருந்தினருக்கு ஒரு நாள் 400 ரூபாய், இரவுச் சாப்பாடும் காலை டிபனும் சேர்த்து. அதற்கு ஆசைப்பட்டேன்.

ஆனால் அந்த ஆசைதான் என்னைக் காப்பாற்றியது.

பிஜி நான்கு மாடி. சமையலறை மட்டும் கீழே. சமையல் மஞ்சுளாக்கா பொறுப்பு. ஆனேக்கல்காரர், பாதி தமிழ், பாதி கன்னடம். ரேவதி வேலையிலிருந்து வர ஏழரை ஆகும் என்றதால் நான் சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வாயைப் பிடுங்க ஆரம்பித்தேன். எங்கள் ஜாதிக்கே உள்ள வியாதி இது. சமூகவியல்காரர்கள் கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

"அக்கா, எத்தனை பேருக்குச் சமைக்கிறீங்க?"

"நாப்பத்தி மூணு. நீங்க வந்தா நாப்பத்தி நாலு. ஊட்டா எட்டு மணிக்கு."

எங்கள் தொழிலில் குடும்பம் என்பதற்கு ஒரு பாலபாட விளக்கம் உண்டு. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். அண்ணன் தம்பி ஒரே கூரையில் இருந்தாலும் அடுப்பு இரண்டென்றால் குடும்பம் இரண்டு. பதினோரு வருடமாக இதை வகுப்பில் ஒப்பித்து வருகிறேன். விளையாட்டாகக் கேட்டேன்: "அப்ப நாப்பத்தி மூணு பேரும் ஒரே குடும்பமா?"

மஞ்சுளாக்கா கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். படித்தவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற பார்வை.

"அதெப்படி மேடம்? கேஸ் யாரு வாங்குறாங்களோ அவங்க வூடு. இங்க ஓனர் வாங்குறாரு. அவரு வேற எங்கயோ சாப்பிடுறாரு. அதனால இது யாரு வூடும் இல்ல."

நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன். அப்போது அது ஒரு நல்ல வாக்கியம், அவ்வளவுதான். அன்று சாம்பாரில் முருங்கைக்காய் பிரமாதம்.

மறுநாள் 8.05க்குப் பஸ், சந்தாபுரத்தில் மாறி 8.50க்கு நிறுவன வாசல். போட்டியாளர்கள் ஐந்து பேர். மற்ற நால்வரும் என்னைவிடப் பத்து வயது இளையவர்கள். இரண்டு பேர் வெளிநாட்டில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள். எல்லோரும் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தார்கள். நான் என் பிளாஸ்டிக் கோப்பைத் திறந்து வைத்தேன்.

காலையில் ஆளுக்குப் பதினைந்து நிமிட உரை. என்னுடையது சுமார்தான், எட்டாவது நிமிடத்தில் நாக்கு வறண்டு தண்ணீர் கேட்டேன். அதற்குப் பிறகுதான் யாரும் எதிர்பார்க்காத ஒன்று. தேர்வுக் குழுத் தலைவராக இருந்த பேராசிரியை ஆளுக்கு எட்டுப் படிவங்களைக் கொடுத்தார். எதிரே இருக்கும் இரண்டு தெருக்களுக்குப் போய் எட்டுக் குடும்பங்களைக் கணக்கெடுத்து, மதியம் ஒன்றரை மணிக்குள் திரும்ப வேண்டும். அப்போது மணி பதினொன்று.

எதிரே இருந்தவை ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களின் தெருக்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே குழாயடியில் கேட்கும். நான் நுழைந்த முதல் கட்டடம் மூன்று மாடி, ஒன்பது அறைகள். மதிய ஷிப்டுக்குக் காத்திருந்த ஆறு பெண்கள் கீழே சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். செல்வி என்கிற தையல்காரப் பெண், திருவண்ணாமலைப் பக்கம், எனக்கு ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னாள்.

படிவத்தின் முதல் கேள்வி: குடும்பத்தில் எத்தனை பேர்? அதன் கீழே சின்ன எழுத்தில் அதே பாலபாடம்: ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள்.

"இந்த அடுப்புல யார் யாரெல்லாம் சாப்பிடறீங்க?"

"எல்லாரும்தான் மேடம். இருபத்தேழு பேரு."

"யாராச்சும் மெஸ் நடத்தறாங்களா?"

"மெஸ்ஸா? சோறு வடிச்சா அன்னிக்கு நான் மெஸ், நாளைக்கு இவ மெஸ்." எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் மஞ்சுளாக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. "கேஸ் யாரு வாங்கறீங்க?" என்று கேட்டேன்.

செல்வி சுவரைக் காட்டினாள். ஒரு காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் இருபத்தேழு பெயர்கள் தமிழிலும் கன்னடத்திலும் எழுதியிருந்தன. சிலிண்டர் வாங்க மாதம் மூன்று பேர் முறை. அறை வாடகை தனித்தனி. அடுப்பு எல்லோரும் சேர்ந்து வாங்கியது. ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் அவள் முறைக்கு அடுத்தவள் சமைப்பாள். ஓனர் கட்டடத்துக்கு மட்டும்தான் ஓனர்.

பாலபாடத்தின்படி இது ஒரு குடும்பம். படிவத்தில் பன்னிரண்டு பேருக்குத்தான் கட்டம் இருந்தது. இரண்டாவது படிவத்தையும் மூன்றாவது படிவத்தையும் அதோடு பின் போட்டுச் சேர்த்து, ஒவ்வொரு பெயராக, வயது, ஊர், வேலை என்று எழுத ஆரம்பித்தேன். வேலையில் இருந்தவர்களின் விவரத்தை அந்த ஆறு பேரும் மூச்சுவிடாமல் சொன்னார்கள். யாருக்கு எந்த ஊர், யாருக்கு எத்தனை குழந்தை ஊரில் இருக்கிறது, யாருக்கு மோர் ஒத்துக்கொள்ளாது என்பது வரை. 'குடும்பத் தலைவர்' என்கிற கட்டம் வந்தபோது நிமிர்ந்து, "யாரு தலைவி?" என்றேன்.

"இந்த மாசம் கவிதா, ரத்னம்மா, நானு," என்றாள் செல்வி.

மணியைப் பார்த்தேன். 12.55. கையில் ஒரே ஒரு குடும்பம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, மூன்று படிவத்தின் பின்னைக் கழற்றி, வேண்டாத பெயர்களை அடித்துவிட்டு, அறைக்கு ஒன்று என்று எழுதலாமா என்று பார்த்தேன். ஒன்பது அறை இருக்கிறது, விவரம் எல்லாம் கையில் இருக்கிறது, இருபது நிமிட வேலை. எட்டுக் கேட்டார்கள், எட்டுக் கொடுத்துவிடலாம். எதிரில் ஒரு போட்டியாளர் எட்டாவது படிவத்தை முடித்துவிட்டு இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு நாற்பது வயது ஆகப்போகிறது. இதைவிடக் கேவலமான சமரசங்களைப் பதினோரு ஜூன் மாதங்களில் செய்திருக்கிறேன்.

ஆனால் அறைக்கு ஒன்று என்று எழுதினால் அந்தக் காலண்டர் அட்டை காணாமல் போய்விடும். பேனாவை மூடிப் பையில் போட்டேன்.

நேர்காணல் ஆங்கிலத்தில் நடந்தது; தமிழில் எழுதுகிறேன். குழுவில் இருந்த புள்ளியியல்காரர் என் கற்றையைப் புரட்டிவிட்டு மேசையில் வைத்தார்.

"எட்டுக் கேட்டோம். ஒன்று கொண்டுவந்திருக்கிறீர்கள்."

"ஆமாம் சார். ஆனால் அதில் இருபத்தேழு பேர் இருக்கிறார்கள்."

"விடுதி, மெஸ் எல்லாம் நிறுவனக் கணக்கில் வரும். அதை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். முதல் வருட மாணவருக்கும் தெரிந்த விதி."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நல்லவேளை வந்தது. கோபம் வந்தால் என் ஆங்கிலம் சரளமாகிவிடும்.

"விடுதி என்றால் நடத்துகிறவர் ஒருவர் இருக்க வேண்டும் சார். நேற்று அப்படி ஒன்றில்தான் தங்கினேன். அங்கே எரிவாயு வாங்குகிறவர் ஓனர், அதனால் அது குடும்பம் இல்லை. இங்கே சாப்பிடுகிறவர்களே வாங்குகிறார்கள், முறை வைத்து. உங்கள் விளக்கத்தின்படியே இது ஒரு குடும்பம். விடுதி என்று தள்ளினால் இருபத்தேழு பேரும் உங்கள் கணக்கிலேயே இருக்க மாட்டார்கள். அறை அறையாக எண்ணினால் ஒன்பது ஏழைக் குடும்பங்கள் கிடைக்கும். அவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பது கிடைக்காது."

பேராசிரியை கற்றையை இழுத்துப் பார்த்தார். "தலைவர் கட்டத்தில் மூன்று பெயர் இருக்கிறதே?"

"இந்த மாதத்துக்கு அவர்கள். அடுத்த மாதம் வேறு மூன்று பேர்."

அவர் சிரித்தார். பிறகு மற்ற நால்வரின் படிவங்களை விரித்து, அந்தக் கட்டடத்தைத் தேடினார். ஒருவர் அதை மூன்று குடும்பமாக எழுதியிருந்தார். மற்ற மூவரும் உள்ளே போகவே இல்லை. "பத்து வருடமாக இந்தத் தெரு எங்கள் ஜன்னலுக்கு எதிரே இருக்கிறது," என்றார் அவர், புள்ளியியல்காரரைப் பார்த்து.

மாலை 4.40க்கு என்னை மட்டும் மறுபடி கூப்பிட்டார்கள். வேலை எனக்கு. புள்ளியியல்காரர்தான் முதலில் எழுந்து கைகொடுத்தார். "எங்கள் கணக்கெடுப்புப் படிவத்தையே நீங்கள் திருத்தி அமைக்க வேண்டும், அதுதான் முதல் வேலை," என்றார். அவர் மேல் எனக்கிருந்த கோபம் அங்கேயே தீர்ந்தது. வெளியே வந்து கேட்டுக்குப் பக்கத்தில் நின்று சத்தமாகச் சிரித்தேன். காவலாளி தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். கணவருக்கு போன் செய்தேன். "சோப்புப் போட்டது வீண்போகலை," என்றார்.

நேராக எதிர்த் தெருவுக்குப் போனேன். செல்வி ஷிப்டுக்குப் போயிருந்தாள். அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கி, சமையலறையில் அந்த அட்டைக்குக் கீழே வைத்துவிட்டு வந்தேன். இருபத்தேழு பேருக்கு அது காணாது என்று பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

இதே பயணம் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சந்தாபுரத்தில் தங்குங்கள். அசல் சான்றிதழோடு இரண்டு செட் நகல் கொண்டுபோங்கள். பக்கத்தில் ஜெராக்ஸ் கடை இல்லை. உதவிப் பேராசிரியர் என்கிற சொல்லை மட்டும் தேடிக்கொண்டிருக்காதீர்கள். ஆய்வாளர், கள ஒருங்கிணைப்பாளர், பயனர் ஆய்வு என்று வேறு வேறு பெயர்களில் நம் வேலை ஒளிந்திருக்கிறது. எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனிகளில்கூட மனிதர்களிடம் கேள்வி கேட்கத் தெரிந்தவர்களைத் தேடுகிறார்கள் என்று ரேவதி சொல்கிறாள். நாலு வார்த்தை கன்னடம் கற்றுக்கொள்ளுங்கள். முக்கியமாக, முந்தின நாள் இரவு படித்ததையே திரும்பப் படிக்காமல், சமைக்கிறவர் யாராவது இருந்தால் அவரிடம் போய் உட்காருங்கள்.

மே முதல் வாரம் சேர்கிறேன். பதினோரு வருடத்தில் முதல் மே சம்பளம். ஆதாரில் விலாசம் மாற்றிய கையோடு அந்த அத்திப்பள்ளிக் கண்டக்டரைத் தேடிப் பிடிப்பேன்.

ஜூனில் கல்லூரி வாசலில் அதே வரிசை நிற்கும். அங்கே கோப்போடு நிற்கப் போகும் என் தோழர்களே, எனக்கு முன்னால் எப்போதும் நிற்கும் பொருளியல் சாரே, எனக்குப் பின்னால் நிற்கும் வரலாறு மேடமே: என் இடம் காலி. ஒரு அடி முன்னால் வந்து நில்லுங்கள். அடுத்த விளம்பரம் வந்ததும் முதலில் உங்களுக்குத்தான் போன் செய்வேன்.