முதல் பகுதியில் அண்ணை

பெரியம்மாவின் இளைய மகன், லண்டனில் இருந்த அண்ணை, வேலையில்லாத நாட்களில் படப்பிடிப்புகளுக்குப் போய்க் கூட்டத்தோடு கூட்டமாக நின்றுவிட்டு வருவார். ஒருமுறை, விக்டோரியா மகாராணி காலத்துக் கொலைக்கதைத் தொடர் ஒன்றின் முதல் பகுதியை அனுப்பி, "இதிலை நானும் வாறன், கண்டுபிடியுங்கோ. பாத்திட்டு எப்பிடியெண்டு எல்லாரும் சொல்லவேணும்" என்றார். அவர் போய் ஏழு வருடம். வதிவிட அனுமதி கிடைக்காததால் ஒருமுறைகூட வரவில்லை. போனில் முகம் மட்டும்தான் தெரியும். மகன் நடந்துபோவதைப் பார்க்கவேண்டும் என்பது பெரியம்மாவின் ஆசை.

ஞாயிறு மத்தியானம் அச்சுவேலியில் எங்கள் வீட்டில் எல்லோரும் டிவிக்கு முன்னால் கூடினோம். படத்தை நிறுத்துவதும் ஓட்டுவதும் பத்து வயதான என் பொறுப்பு. கொலை செய்தது யார் என்று ஒருவரும் கவலைப்படவில்லை. தொப்பிக்காரன் வந்தால் நிறுத்து, வண்டிக்காரன் வந்தால் நிறுத்து. அந்தக் குதிரைகளுக்கு ஒருவரும் ஒழுங்காகத் தீன் போடவில்லை என்றார் அப்பா. அம்மா புகையையும் சேற்றையும் பார்த்து, இந்த ஊருக்கா பிள்ளையை அனுப்பினோம் என்று முணுமுணுத்தார். கண்டவர் நின்றவரையெல்லாம் கேள்வி கேட்கிற துப்பறிபவருக்குச் சொந்தமாக ஒன்றும் தெரியாது என்பது சித்தப்பாவின் தீர்ப்பு.

பாதிக்கு மேல் ஓடியும் அண்ணையைக் காணவில்லை. துறைமுகத்தில் கப்பலில் வேலை செய்த ஒருவனின் பிணம் கிடந்தது. தலையிலிருந்து கணுக்கால் வரை சாக்கால் மூடியிருந்தார்கள்.

"நிப்பாட்டு பிள்ளை" என்ற பெரியம்மா, எழுந்து டிவிக்குக் கிட்டப் போனார். இடது காலின் சின்னவிரல் பக்கத்து விரலின்மேல் ஏறி நின்றது. "ஓம். இவன்தான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா டிவியை அணைத்தார். கொலைகாரன் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சற்று நேரத்தில் அண்ணை வீடியோவில் வந்து, எப்படி இருந்தது என்று கேட்டார். குதிரையையும் புகையையும் மறந்து எல்லோரும் நல்லாயிருக்கு என்றார்கள். பெரியம்மா மட்டும், "காலைக் காட்டு" என்றார்.

"ஏனம்மா?"

"காட்டன். இனி எழும்பி நட பாப்பம்."

அண்ணை போனைச் சுவரோடு சாத்தி வைத்துவிட்டு, அந்தச் சின்ன அறைக்குள் அங்குமிங்கும் நடந்தார். போதும் என்று பெரியம்மா சொல்லவேயில்லை. பெரியம்மாமேல் எனக்கு அன்றைக்கு வந்த பாசம் கொஞ்சநஞ்சமல்ல. முகத்தைப் பாராமல் காலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்த என் பெரியம்மா அந்தத் துப்பறிபவரைவிடக் கெட்டிக்காரி என்று மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

பெரியம்மாவின் மூத்த மகன் சண்டைக் காலத்தில் காணாமல் போனவர் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நான் பிறக்க முன்னர், எங்கே பிணம் கிடக்கிறது என்று கேள்விப்பட்டாலும் பெரியம்மா ஓடிப்போய், மூடிக்கிடந்தவர்களின் கால்மாட்டில் நின்று, இது என்ரை பிள்ளை இல்லை என்று சொல்லிச் சொல்லித் திரும்பி வந்ததை அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.