அஞ்சு நிமிஷத்தார்

தலையில் ஒரு முடிகூட இல்லாத மனிதர் ஓட்டல் அறையின் ஹேர் டிரையரை இவ்வளவு மும்முரமாகப் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. காலை ஐந்தே முக்காலுக்கு ஆரம்பிப்பார். முகம் கழுவும் தொட்டியில் துவைத்துப் போட்ட நீலச் சட்டையின் கழுத்துக்குள் டிரையரின் மூக்கை விடுவார். சட்டை உப்பி எழும். "பாருங்க தம்பி, நான் உள்ள இருந்தாக்கூட இது இவ்வளவு கம்பீரமா நிக்காது" என்பார். அடுத்து காலுறைகள். முதல் காலுறை காய்ந்துவிடும். இரண்டாவதில் டிரையர் சூடேறி நின்றுபோகும். ஒரு கால் உலர்ந்தும் ஒரு கால் ஈரமாகவும்தான் தினமும் வேலைக்குக் கிளம்புவார்.

ஓட்டலில் துணி துவைத்துத் தருகிறார்கள். ஆனால் அதை வாங்கிக்கொள்ளும் ஆள் வருவதற்குள் நாங்கள் புறப்பட்டுவிடுவோம். திருப்பிக் கொடுக்கும் ஆள் வீட்டுக்குப் போன பிறகுதான் வந்து சேருவோம். காலை உணவும் இலவசம். அது ஏழு மணிக்கு. எங்கள் வண்டி ஆறரைக்கு. மூடிபோட்ட பாத்திரங்களை மட்டும் பத்தொன்பது நாள் பார்த்தோம். வரவேற்பறைப் பெண் இரக்கப்பட்டு ஆளுக்கொரு காகிதப் பை கொடுப்பாள். உள்ளே ரொட்டி, அவித்த முட்டை, ஓர் ஆப்பிள். "கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போற கைதிக்கு இப்படித்தான் கட்டிக் குடுப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் (அவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) வண்டியில் முட்டையை உரிப்பார்.

எங்கள் கம்பெனி சோப்புக்கட்டிகளுக்குக் காகிதம் சுற்றும் மெஷினைச் செய்து விற்கிறது. வாங்கியவர்கள் எந்தத் தேசத்தில் இருந்தாலும் அங்கே போய் அதைப் பொருத்தி, ஓட்டிக் காட்டி, கையெழுத்து வாங்கி வருவது இவர் வேலை. வயது ஐம்பத்து நான்கு. இது பதினோராவது நாடு. மெஷினுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் சமாசாரத்தைக் கவனிக்க என்னையும் சேர்த்து அனுப்பினார்கள்.

கம்பெனியில் இவருக்குப் பெயர் 'அஞ்சு நிமிஷம்'. எப்போது கூப்பிட்டாலும் மெஷினுக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வரும்: "அஞ்சு நிமிஷம், வந்துட்டேன்." அந்த ஐந்து நிமிடம் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைந்ததில்லை. தனக்கு அப்படி ஒரு பெயர் இருப்பது அவருக்கும் தெரியும். "என் கல்யாணத்தன்னிக்கே மண்டபத்துக்கு லேட்டாப் போனவன் நான். ஒரு பேரிங் மாட்டிக்கிச்சு. பொண்ணு வீட்ல அப்பவே உஷாராயிருக்கணும்" என்பார்.

பதினோரு நாடு பார்த்தவர் என்று சொந்தத்தில் அவருக்கு ஏக மரியாதை. யாராவது வெளிநாடு போவதாக இருந்தால் முதலில் இவரிடம்தான் யோசனை கேட்பார்கள். புதிதாகக் கல்யாணமான தங்கை மகள், "மாமா, நீங்க போன வருஷம் போன நாட்டுக்குத்தான் நாங்க போறோம். அங்க என்ன பாக்கலாம்?" என்று போனில் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். அண்ணன் வெகுநேரம் யோசித்தார். "கம்ப்ரஸர் ரூம் பிரமாதமா இருக்கும்மா. குளிர் ஊரு. அங்க மட்டும்தான் கதகதன்னு இருக்கும்" என்றார். மறுமுனையில் சிரிப்பு. அவர் கேலி பேசவில்லை. அந்த நாட்டில் அவர் பார்த்ததில் சிறந்தது அதுதான்.

என் கதை இதைவிட மோசம். எனக்கு இது முதல் வெளிநாட்டுப் பயணம். விமான நிலையத்திலேயே கண்ணாடிச் சுவர் முன்னால் நின்று படம் எடுத்து, 'பணி நிமித்தம்' என்று இரண்டே வார்த்தை எழுதிப் போட்டேன். நூற்று நாற்பது பேர் வாழ்த்தினார்கள். நடப்பதற்கென்று புதுக் காலணி, ஏழு இடங்கள் கொண்ட பட்டியல், கழுத்தில் மாட்டும் காமிரா என்று ஏகப்பட்ட ஏற்பாடு. பட்டியலை அண்ணன் வாங்கிப் படித்தார். மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்து, பையை இரண்டு தட்டுத் தட்டினார். மூன்றாம் நாள் ஏழு நான்காயிற்று. பத்தாம் நாள் ஒன்றாயிற்று. காமிராவால் நான் எடுத்த ஒரே படம் ஒரு சென்சாரின் அடிப்பக்கம்.

அந்தத் தொழிற்சாலையில் மூன்று ஷிப்ட். எங்களுக்கு ஒரே ஷிப்ட், பதினான்கு மணி நேரம். காலை ஷிப்ட்காரர்கள் வந்து கையசைப்பார்கள், போவார்கள். அடுத்தவர்கள் வருவார்கள், போவார்கள். நாங்கள் ரயில் நிலையத்து மணிக்கூண்டு மாதிரி அங்கேயே இருப்போம். நேர வித்தியாசம் வேறு. இங்கே வேலை ஓயும் நேரத்தில் அங்கே எங்கள் மேனேஜர் காப்பி குடித்துவிட்டுப் புத்துணர்ச்சியோடு போனை எடுப்பார். "என்னப்பா, எப்படிப் போகுது? ஊரெல்லாம் சுத்திப் பாத்தீங்களா?"

அண்ணி அங்கே படுக்கப் போகும்முன், எங்களுக்கு மதியமாக இருக்கும் நேரத்தில் கூப்பிடுவார். அண்ணன் ஸ்பேனரை வாயில் கவ்விக்கொண்டே பேசுவார்.

"சாப்டாச்சா? எங்க இருக்கீங்க?"

"ஒரு பெரிய கோபுரத்துக்குக் கீழ நிக்கிறேன். அப்படியே வெள்ளி மாதிரி பளபளன்னு இருக்கு."

"அப்படியா! என்ன கோபுரம்?"

"சோப்பு கலக்குற தொட்டி."

"நீங்களும் உங்க ஃபாரினும்" என்று அண்ணி போனை வைத்துவிடுவார். உலகத்தில் இவர் ஒருவருக்குப் பயப்படுவார் என்றால் அது அண்ணிக்குத்தான். அதனால் வைத்த போனைப் பார்த்தும் கொஞ்சம் சிரித்து வைப்பார்.

எங்கள் மெஷினை அங்கே ஓட்டப்போகிற ஆபரேட்டர் ஒரு பெண்மணி. நாற்பத்தைந்து வயதிருக்கும். அதிகம் பேசாதவர். அண்ணனுக்கு அந்த ஊர்ப் பாஷை தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேரும் அதைப் பொருட்படுத்தவில்லை. "ஆபரேட்டரம்மா, அந்த ரோலைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க" என்று இவர் சுத்தமான தமிழில் சொல்வார். அந்த அம்மா தூக்கிப் பிடிப்பார். அவர் தன் பாஷையில் ஏதோ கேட்பார். இவர் "ஆமாம்மா, அது அப்படித்தான் சத்தம் போடும், பயப்படாதீங்க" என்பார். ஒரு வார்த்தை தப்பாகப் போனதில்லை. எனக்கோ அந்த அம்மாவிடம் ஆங்கிலத்தில் ஒரு ஸ்விட்சை விளக்கவே அரை நாள் ஆயிற்று. பத்தாம் நாள் வாக்கில் அவர் எங்களைப் பார்த்து ஐந்து விரலை விரித்து, "அஞ்ஜி நிமிசா" என்றார். அண்ணனுக்கு வெட்கம் தாங்கவில்லை. மெஷினுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டார்.

பத்தொன்பதாம் நாள் டிரையல். எட்டு மணி நேரம் மெஷின் ஓட வேண்டும். நடுவில் நின்றால் யாரால் நின்றது என்று பார்ப்பார்கள். ஆபரேட்டர் தவறென்றால் கடிகாரம் விட்ட இடத்திலிருந்து தொடரும். மெஷின் தவறென்றால் மறுநாள் முதலிலிருந்து. மறுநாள் எங்களுக்கு விடுமுறை. பயணத்திலேயே ஒரே விடுமுறை. என் பட்டியலில் மிச்சமிருந்த ஒரே இடத்துக்குப் படகில் போக நான் இடம் பிடித்து வைத்திருந்தேன். அண்ணனுக்கும் சேர்த்துத்தான். "படகுல மோட்டர் இருக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

காலை எட்டுக்கு ஆரம்பித்தது. ஆறு மணி நேரம் சோப்புகள் உடுத்திக்கொண்டு வரிசையாக வந்தன. இரண்டடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆபரேட்டரம்மா புதுக் காகித ரோலை மாட்டினார். அடுத்த நிமிடம் காகிதம் கோணி, சுருண்டு, கிழிந்தது. மெஷின் நின்றது.

அந்த ஊர் மேனேஜர் ஆறரை அடி. குனிந்துகூடப் பார்க்கவில்லை. ரோல் மாட்டும்போது கையை இடித்து, காகிதத்தை நேராகச் செலுத்தும் தகட்டை நகர்த்திவிட்டார் என்று ஆபரேட்டரைப் பார்த்துச் சொன்னார். இதுபோன்ற ஆட்கள் புது மெஷினுக்கு லாயக்கில்லை, நாளை முதல் பழைய பகுதிக்கே அனுப்பிவிடுகிறேன் என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். புது மெஷினுக்கு வந்ததில்தான் அந்த அம்மாவுக்குப் பதவி உயர்வு என்று முன்பே கேள்விப்பட்டிருந்தேன். அந்த அம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். இடித்தோமா இல்லையா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது போலிருந்தது.

அண்ணன் மெஷினுக்குள் தலையை விட்டார். நானும் விட்டேன். முறுக்கி முடித்த நட்டின்மேல் அவர் மஞ்சள் மார்க்கரால் ஒரு கோடு இழுப்பது வழக்கம். எல்லா நட்டிலும் கோடு இருந்தது. தகட்டைப் பிடிக்கும் ஒரு நட்டில் இல்லை. விரலால் தொட்டார். சுற்றியது.

"முந்தாநேத்து" என்றார் மெதுவாக. "பதிமூணாவது மணி நேரம். கண்ணு சொருகுச்சு. காலைல முறுக்கிக்கலாம்னு விட்டேன். மறந்துட்டேன்."

எங்கள் இரண்டு தலையும் மெஷினுக்குள் இருந்தன. வெளியே யாருக்கும் எதுவும் தெரியாது. என் வாழ்க்கையில் நான் பெருமைப்பட முடியாத வாக்கியத்தை அங்கே வைத்துத்தான் சொன்னேன். "அண்ணே, இப்ப முறுக்கிடுங்க. ரெண்டு மணி நேரந்தான். மேனேஜரே அந்தம்மா தப்புன்னு சொல்லிட்டாரு. நாமளா ஒண்ணும் சொல்லல."

அவர் என்னைப் பார்த்தார். அவ்வளவு கிட்டத்தில் யாரும் என்னைப் பார்த்ததில்லை. கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

"தம்பி, எனக்கு இங்கிலீஷ் பத்தாது. நீங்க சொல்லுங்க. நட்டை நான் முறுக்கல. என் தப்பு. அவ்வளவுதான்."

வெளியே வந்தேன். மேனேஜரிடம், நீண்ட நேர ஓட்டத்தின் அதிர்வில் சில பாகங்கள் இயல்பாகவே தளர வாய்ப்புண்டு என்றும், ரோல் மாற்றும் சூழ்நிலையும் ஒரு காரணியாக இருக்கலாம் என்றும், இதை எல்லாக் கோணங்களிலும் ஆராய வேண்டும் என்றும் அழகான ஆங்கிலத்தில் விளக்கினேன். அண்ணன் என் வாயையே கவனித்தார்.

"தம்பி, நான் சொன்னது ரெண்டு வார்த்த. நீங்க ரெண்டு நிமிஷம் பேசுறீங்க. நடுவுல என்ன சேத்தீங்க?"

அவர் மேனேஜரின் முழங்கையைப் பிடித்து இழுத்து, அத்தனை உயரத்தையும் மடக்கி மெஷினுக்குள் குனியவைத்தார். நட்டை விரலால் சுழற்றிக் காட்டினார். கோடு போட்ட நட்டுகளையும் போடாத நட்டையும் தொட்டுக் காட்டினார். பிறகு தன் நெஞ்சில் தட்டி, "மீ. மை மிஸ்டேக்" என்றார். ஆபரேட்டரம்மாவைக் காட்டி, "ஷி, நோ. நோ மிஸ்டேக்" என்றார். மேனேஜருக்கு ஆபரேட்டரிடம் வருத்தம் சொல்ல மனம் வரவில்லை. கடிகாரத்தை மட்டும் பூஜ்யத்துக்குத் திருப்பினார். பழைய பகுதிப் பேச்சு அதோடு நின்றது.

அன்று எங்கள் மேனேஜர் போனில் கத்தியது எனக்கே கேட்டது. "உங்கள யாருய்யா சொல்லச் சொன்னது? முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு ரிப்போர்ட் தேவையா?"

"தேவையில்லதான் சார். இதுக்கு முன்னாடியெல்லாம் மாட்டிக்காம இருந்திருக்கேன் போல" என்றார் அண்ணன்.

படகு எங்களை விட்டுவிட்டுப் போனது. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவரோ, "படகு விஷயத்துல சாரி தம்பி. பதினோரு நாட்டுலயும் இப்பத்தான் ஒருத்தரு என்னையச் சேத்து டிக்கெட் போட்டாரு" என்றார். நான் தேடிய வார்த்தை அதன் பிறகு கிடைக்கவே இல்லை. இதை எழுதுவதே அதற்குத்தான்.

மறுநாள் டிரையல் எட்டு மணி நேரமும் ஒழுங்காக ஓடியது, கையெழுத்தும் கிடைத்தது. அன்று மதியம் இரண்டு மணி நெருங்கியபோது நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காகித ரோல் தீரும் நேரம். அண்ணன் காலையிலிருந்து மெஷின்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் நின்றபடி இருந்தார். ஆபரேட்டரம்மா எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து அவருக்குப் பின்னால் போட்டார். புது ரோலை எடுக்கப் போனார்.

அண்ணன் நாற்காலியைப் பார்த்தார். ரோலைத் தூக்கி வரும் அந்த அம்மாவைப் பார்த்தார். பிறகு நாற்காலியை எடுத்து, மெஷினுக்கு முதுகு காட்டும்படி திருப்பிப் போட்டு, உட்கார்ந்து, எதிரிலிருந்த வெறும் சுவரைப் பார்த்துக் கால்களை நீட்டிக்கொண்டார்.