ஜப்பானுக்குப் போன அம்மா

தொண்ணூறுகளின் நடுவில், மலாக்காவில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் நான் மொழிபெயர்ப்பாளர். ஜப்பானில் கோடைகால மேல்நிலை மொழி வகுப்புக்கு என்னை இரண்டு மாதம் அனுப்பப்போவதாக மேலாளர் சொன்னபோது என் மகளுக்கு ஒன்றரை வயது. யோசித்துச் சொல்லச் சொன்னார். யோசிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போகும்போது வாயெல்லாம் பல்.

புக்கிட் பெருவாங் வீட்டில் நானும் கணவரும் மட்டும்தான். குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பெம்பானிலிருந்து அவருடைய அக்கா வந்தார். கல்யாணம் ஆகாதவர். எனக்கு அண்ணி.

"போயிட்டு வா லா. பிள்ளய நான் பாத்துக்க மாட்டேனா? போகலன்னா அப்புறம் காலம்பூரா பொலம்பியே என் தம்பி உசுர வாங்கிருவ," என்றார்.

வகுப்பில் பிழிந்து எடுத்துவிட்டார்கள். காலையில் நாளிதழ்த் தலையங்கம், மத்தியானம் விவாதம், ராத்திரியில் கட்டுரை. விடுதிக்குள் ஜப்பானிய மொழியைத் தவிர வேறு பேச்சே கூடாது. வீட்டுக்குப் பேசவேண்டுமென்றால் தெருமுனைத் தொலைபேசிக்குத்தான் போகவேண்டும்.

முதல் வாரம் பால் கட்டிக்கொண்டது. விவாதத்தின் நடுவே சட்டை நனைந்து, புத்தகத்தை மார்போடு அணைத்தபடி பேசினேன். பிறகு வற்றிவிட்டது. அப்பாடா என்று இருந்தது. பெற்றவளுக்கு அப்படி இருக்கலாமா? ஆனால் இருந்தது. ராத்திரி முழுக்கத் தூங்கினேன். சூடாக இருக்கும்போதே சாப்பிட்டேன். சந்தோஷமாக இருந்தேன், அதை நினைத்ததும் கரண்டியைக் கீழே வைத்தேன், ஆனாலும் மறுபடி எடுத்துச் சாப்பிட்டு முடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பேன்.

"உன்னத் தேடவே இல்லம்மா. நல்லா சாப்புடுது, வெளையாடுது. நீ நிம்மதியா படி," என்பார் அண்ணி. எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கோ சுருக்கென்று இருந்தது. ஒருமுறை, "இரு, பிள்ளகிட்ட குடுக்கிறேன்," என்றார். வாணவேடிக்கை பார்க்கக் கிளம்பிய தோழிகள் தெருவில் நின்று கையசைத்தார்கள். அடுத்த வாரம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

திரும்பி வந்த அன்று விமான நிலையத்துக்குக் கணவர் மட்டும் வந்தார். வீட்டு வாசலில் அண்ணி, இடுப்பில் என் மகள். புதுக் கவுன், இரட்டைக் குடுமி. என்னைப் பார்த்ததும் அண்ணியின் தோளில் முகம் புதைத்தாள்.

"வெக்கமாம்! அம்மா எங்க? அம்மாவ காட்டு பாப்போம்," என்று அண்ணி இறக்கிவிட்டார்.

மகள் குடுகுடுவென்று சாமி அறைக்கு ஓடினாள். முருகனுக்கும் மாரியம்மனுக்கும் கீழே என் படம் இருந்தது. நெற்றியில் குங்குமம், மேலே மல்லிகைச் சரம். மகள் அதன் முன்னால் நின்று கைகூப்பினாள்.

"அய்யய்யோ, உசுரோட இருக்கிறவ படத்துக்குப் பூ வைப்பாங்களா?" என்று கத்திவிட்டேன்.

"பக்கத்து வீட்டு ஆண்ட்டிகூட நீ எப்ப தவறுனேன்னு கேட்டாங்க," என்று கணவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அண்ணியின் முகம் செத்துப்போனது. "உன்ன மறந்துறக் கூடாதேன்னுதாம்மா. வெளக்கு ஏத்துறப்ப தெனமும் காட்டுவேன். சாமிக்கெல்லாம் பூ வச்சா, அம்மாவுக்கும் வையின்னு அடம் புடிக்கும். எனக்குத் தப்பாத் தோணல லா," என்று அவசரமாகப் படத்தை எடுத்தார். மகள் வீறிட்டாள்.

ஓடிப்போய்த் தூக்கினேன். "நான்தான்டா அம்மா. செல்லம், பாரு, அம்மா."

அவள் அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். சாமி கும்பிடுவதுபோல் எனக்கும் ஒருமுறை கைகூப்பினாள். பிறகு இரண்டு கைகளையும் அண்ணியை நோக்கி நீட்டி, "ம்மா," என்றாள்.

அண்ணி வாங்கிக்கொள்ளவில்லை. படத்தோடு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்றார்.