மார்ச் மூன்றாம் தேதிக்குத் திரும்பிய விபேக்கா

டென்மார்க்கின் மோர்ஸ் தீவில் யாருக்காவது அறுபது வயது நிறைந்தால், யாருக்காவது கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஓடியிருந்தால், மண்டபம் பிடிப்பதற்கு முன்பே விபேக்கா க்ரோக்குக்குப் போன் போட்டுவிடுவார்கள். விருந்தென்றால் பாட்டு வேண்டும். மெட்டு எல்லாருக்கும் தெரிந்ததாகவும் சொற்கள் புத்தம்புதிதாகவும் இருக்க வேண்டும். விழா நாயகரின் காலை வார வேண்டும், கடைசிச் சரணத்தில் கண்ணையும் கலங்க வைக்க வேண்டும். அந்த வேலையில் விபேக்காவை அடித்துக்கொள்ளத் தீவில் ஆள் கிடையாது.

முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவள். முதல் பாட்டைப் பள்ளிக்கூடத்துக் காவலாளியின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு எழுதினாள். அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் அந்த மனிதரின் பல்செட்டு சூப்பில் விழுந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் அவளை விடவேயில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "மத்தவங்க கல்யாணத்துக்கே நேரம் பத்தலை" என்பாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது பாட்டுகள் ஆயிரத்தைத் தாண்டியிருந்தன. அத்தனையும் சாப்பாட்டறை மூலையில் இருந்த கம்ப்யூட்டருக்குள் இருந்தன.

அவளுக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு. சுத்தம். காபிக் கெண்டியின் மூக்குக்குள்கூடப் பஞ்சுக் குச்சியை விட்டுத் துடைப்பாள். இரண்டாயிரத்தெட்டு மே மாதத்தில் ஒருநாள் ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டு போட்ட கேக்குக்குச் செய்முறை தேடிக்கொண்டிருந்தபோது, திரையில் சிவப்புப் பெட்டி ஒன்று குதித்தது. "உங்கள் ரெஜிஸ்ட்ரியில் 1,362 பிழைகள்! இலவசமாகச் சுத்தம் செய்யவா?" ரெஜிஸ்ட்ரி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் முன்பின் தெரியாத யாரோ வீட்டுக்குள் வந்து கட்டிலுக்கடியில் எட்டிப் பார்த்துவிட்ட மாதிரி முகம் சிவந்துவிட்டது. பொத்தானை அமுக்கினாள்.

1,362 மளமளவென்று இறங்கியது. தொள்ளாயிரம், நானூறு, பன்னிரண்டு, பூஜ்யம். விபேக்கா நாற்காலியிலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள். மறுநாள் மறுபடி பார்த்தால் இருநூற்றுப் பதினான்கு. அடடா, இன்னும் இருக்கிறதே! காலைக் காபிக்குப் பிறகு ரெஜிஸ்ட்ரியைக் கூட்டுவது அன்றிலிருந்து வழக்கமாகிவிட்டது. ஒரு வியாழக்கிழமை, "ஆழமான சுத்தம்" என்ற பொத்தானையும் அமுக்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை. ஏகோன், தோவெ தம்பதியின் பொன்விழா மறுநாள். எண்பத்து நான்கு விருந்தாளிகள், பத்தொன்பது சரணப் பாட்டு. அச்சடித்த தாள்களை வாங்கிப்போக அவர்கள் மகள் பிர்தே நாலு மணிக்கு வருவதாக ஏற்பாடு. விபேக்கா பாட்டின் மேல் இரண்டு முறை தட்டினாள். சீட்டுக்கட்டு விளையாட்டு திறந்தது. மூடிவிட்டு மறுபடி தட்டினாள். மறுபடி சீட்டுக்கட்டு.

வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருந்த ஹோல்கரைக் கூவி அழைத்தாள். அக்கரைக்குப் போகும் பயணிகள் படகில் எஞ்சின் பார்த்து ஓய்வு பெற்றவர். மரச்செருப்பு லொடலொடக்க வந்து திரையைப் பார்த்தார்.

"ஏ விபேக்கா, காலங்காத்தால சீட்டாட்டமா?"

"நான் எங்க ஆடறேன், அதுதான் ஆடுது! பாட்டைத் தொட்டா சீட்டு. பிரிண்டரைத் தொட்டா சீட்டு. சரி, உதவி கேப்போம்னு அந்தக் கேள்விக்குறியைத் தொட்டேன், அதுக்கும் சீட்டு!"

"என்னத்தைத் தூக்கி எறிஞ்ச?"

"அழுக்கைத்தான்."

ஹோல்கர் கண்ணைச் சுருக்கினார். "சிவப்புப் பெட்டியா? ஓரத்துல துடைப்பம் படம் போட்டிருக்குமே?"

"உனக்கெப்படித் தெரியும்?"

ஹோல்கரின் காது மடல் சிவந்தது. "போன வருஷம் எனக்கும் வந்துச்சு. மூணு வாரம் கம்ப்யூட்டர் செத்துக் கிடந்துச்சு."

"அப்பவே என்கிட்ட சொல்றதுக்கென்ன, கிழவா?"

"எப்படிச் சொல்றது? நாப்பது வருஷம் எஞ்சின் பார்த்தவன் ஒரு துடைப்பத்துக்கிட்ட ஏமாந்தேன்னா?"

விபேக்காவின் கையில் பாட்டே இல்லை, மறுநாள் விருந்து. ஆனாலும் அதைக் கேட்டதும் சிரிப்புப் பீறிட்டு வந்துவிட்டது. அவள் சிரிக்க, அவரும் சிரித்தார்.

"பாட்டெல்லாம் போச்சா ஹோல்கர்? ஆயிரம் பாட்டு?"

"எங்கேயும் போகலை. தெருவுல இருக்கிற பெயர்ப்பலகையெல்லாம் நீ கழட்டி எறிஞ்சுட்ட. ஆளுங்க அவங்கவங்க வீட்லதான் இருக்காங்க. தபால்காரனுக்குத்தான் யார் வீடு எதுன்னு தெரியலை. எல்லாக் கடுதாசியையும் சீட்டாடறவன் வீட்லயே போட்டுட்டுப் போறான்."

போன வருஷம் பட்ட பாட்டையெல்லாம் அவர் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்துப் பார்த்து, கம்ப்யூட்டரை அணைத்து, மறுபடி போடும்போது ஒரு விசையைத் தட்டிக்கொண்டே இருந்தார். கறுப்புத் திரை வந்தது. ஒரே ஒரு சொல்லை ஒற்றை விரலால் அடித்தார். ஒரு நாட்காட்டி திறந்தது.

"இதுல எந்தத் தேதி தடிமனா இருக்கோ, அந்தத் தேதிக்கு மெஷின் திரும்பிப் போகும்."

தடிமனாக இருந்தது ஒரே ஒரு தேதிதான். மார்ச் மூன்று.

"ஐயோ, ஏகோன் பாட்டை நான் ஏப்ரல்லதானே ஆரம்பிச்சேன்! மார்ச்சுக்குப் போனா அது இன்னும் பிறந்தே இருக்காதே!"

"நீ எழுதினதை அது தொடாது. அப்படித்தான் என் நோட்டுல எழுதியிருக்கு."

"உன் நோட்டை யார் எழுதினது?"

"நான்தான்."

விபேக்கா கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கினாள்.

பச்சைக் கோடு நத்தையாக நகர்ந்தது. சும்மா உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று தாளும் பென்சிலும் எடுத்து, பாட்டை நினைவிலிருந்து எழுத ஆரம்பித்தாள். ஹோல்கர் கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவி, ஊறுகாய் ஹெர்ரிங் மீனை வைத்து நீட்டினார். ஒரு மிடறு ஷ்னாப்ஸ் சாராயமும் உள்ளே போயிற்று. பதின்மூன்று சரணம் கடகடவென்று வந்தது. பதினான்காவது மட்டும் வரவேயில்லை.

"அந்த இடத்துல நான் ஒண்ணு சொல்றேன், எழுது" என்றார் ஹோல்கர். "ஏகோனும் தோவெயும் முதமுதல்ல பார்த்துக்கிட்டது எங்க தெரியுமா? எங்க படகுலதான். நான் அப்பத்தான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. படகு கிளம்பினப்புறம் ஏகோன் தாவினதைக் கண்ணால பார்த்தேன்." பிறகு தாளம் போட்டுப் பாடிக்காட்டினார்.

மணியடிச்சுப் படகு கிளம்பிப் போச்சு,
மாட்டிக்கிட்ட கால்சட்டை கரையில் நின்னாச்சு!
ஏகோன் மட்டும் அக்கரை சேர்ந்தான்,
எதிர்ல தோவெ, திரும்பி நின்னான்!

விபேக்கா பென்சிலைக் கீழே போட்டுவிட்டாள். மேஜைமேல் கவிழ்ந்து, மூச்சுத் திணறச் சிரித்தாள். ஹோல்கரும் அவளும் எழுந்து நின்று, மேஜையைத் தட்டித் தட்டி அதையே நாலு தடவை பாடினார்கள். ஐந்தாவது தடவையின் நடுவில் கம்ப்யூட்டர் 'டிங்' என்றது.

திரை வெளிச்சமாக வந்து நின்றது. விபேக்கா இரண்டு முறை தட்டினாள். பாட்டு திறந்தது! பத்தொன்பது சரணமும் ஒரு கமா குறையாமல் வரிசையில் நின்றன. மற்ற பாட்டுகளும் இருந்தன. அந்தத் துடைப்பத்தை மட்டும் எங்கே தேடியும் காணவில்லை. மே மாதம் வந்தது மார்ச்சில் எப்படி இருக்கும்? விபேக்கா ஹோல்கரின் இரு கன்னத்திலும் சத்தமாக முத்தமிட்டாள்.

ஆனால் பிரிண்டரையும் ஏப்ரலில்தான் வாங்கியிருந்தாள். மார்ச் மாதத்துக் கம்ப்யூட்டர் அதை யாரோ அந்நியனைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. அதனோடு வந்த குறுந்தகட்டைத் தேடி வீட்டைத் தலைகீழாக்கினார்கள். மிகச் சுத்தமாக, உறையிட்டு, பேர் எழுதி, துணி அலமாரியில் மேஜை விரிப்புகளுக்கு நடுவில் வைத்திருந்தாள். இரண்டே முக்காலுக்குச் சோதனைத் தாள் வெளியே வந்தது.

பாட்டை அச்சடிப்பதற்கு முன் பதினான்காவது சரணத்தைப் பார்த்தாள். ஏகோனின் உருளைக்கிழங்குப் பாத்தியைப் பற்றி என்னவோ எழுதியிருந்தாள். மறந்துபோனதில் ஆச்சரியமில்லை. ஒரு நொடி தயங்கிவிட்டு, அதை அழித்து ஹோல்கரின் சரணத்தை அடித்தாள்.

மறுநாள் மண்டபத்தில் பதின்மூன்றாவது சரணம் முடிந்தபோது விபேக்கா ஓரக்கண்ணால் ஏகோனைப் பார்த்தாள். எண்பத்து நான்கு பேரும் தாளைப் பார்த்து, "திரும்பி நின்னான்!" என்று பாடி முடித்தார்கள். தம்பதியின் ஐந்து பிள்ளைகளும் அப்பாவையே பார்த்தார்கள். ஏகோன் பீட்ரூட் நிறத்துக்கு வந்திருந்தார்.

தோவெ மெல்ல எழுந்தாள். "யாருடி இதைச் சொன்னது?" என்று விபேக்காவைக் கேட்டாள். பிறகு குவளையை உயர்த்திப் பிடித்தாள். "உண்மைதாம்பா. திரும்பி நின்னதாலதான் கட்டிக்கிட்டேன்!"

கூரை பறந்துவிடும்போல ஆயிற்று. யாரோ காலால் தரையை உதைக்க ஆரம்பித்தார்கள், உடனே எல்லாரும் உதைத்தார்கள். அப்படி உதைத்தால் தம்பதிகள் மேஜைக்கடியில் போய்த்தான் முத்தமிட வேண்டும். எழுபத்தைந்து வயது ஏகோன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து உள்ளே போனார். தோவெ வெளியே வந்துவிட்டாள். அவருக்கு முட்டி பிடித்துக்கொண்டது. பிர்தேயும் ஹோல்கரும் ஆளுக்கொரு கால் பிடித்து இழுத்தார்கள்.

"கால்சட்டை பத்திரம்!" என்று உள்ளேயிருந்து கத்தினார் ஏகோன்.

திங்கட்கிழமை பல் டாக்டரின் மனைவி போன் செய்தாள். கணவருக்கு அறுபது வயது நிறைகிறதாம், பாட்டு வேண்டுமாம். "ஆனா ஒண்ணு விபேக்கா, அந்தப் பதினாலாவது சரணம் எழுதினவங்களும் கூட இருக்கணும்" என்றாள்.

விபேக்கா ஜன்னலைத் திறந்தாள். ஹோல்கர் புல் வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஏ ஹோல்கர்! பல் டாக்டரைப் பத்தி உனக்கு என்னடா தெரியும்?"

அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, தொப்பியைப் பின்னால் தள்ளிக் கொஞ்சம் யோசித்தார்.

"நிறைய" என்றார். "காபி போடு, வரேன்."