லீலண்ட் ஒத்துக்கொண்ட நாள்

ஹார்லன் ஃபால்ஸ் என்ற ஊரில் டயர் மாற்றப் போகிறவர்கள் கர்ட்டிஸ் ஹாகனின் கருத்தைக் கேட்காமல் வெளியே வர முடியாது. வண்டி லிஃப்டில் ஏறும்வரை கவுன்ட்டருக்குப் பின்னால் சாதுவாக நிற்பான். ஏறியதும் ஆரம்பித்துவிடுவான். கம்ப்யூட்டரில் எந்த சிஸ்டம் போட வேண்டும், வீடியோ கேம்கள் எப்போதிலிருந்து கெட்டுப்போயின, பள்ளிக்கூடத்தில் செல்போனை விடலாமா, பனி உருக உப்புப் போட்ட சாலையில் நாய்க்குக் காலுறை மாட்டுவது பாசமா பைத்தியமா. கேட்டாலும் சொல்வான், கேட்காவிட்டாலும் சொல்வான். பாதிக் கருத்து காலை ரேடியோவில் கேட்டது, மீதிப் பாதி அதற்கு நேர் எதிரானது. எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து எதை எடுத்துவிடுவது என்று முடிவு செய்வான். கெட்டவன் இல்லை, வாய்தான் ஓயாது.

அவனுடைய கருத்துகளுக்கெல்லாம் சொந்த வீடு என்றால் அது மெயின் தெரு டோனட் கடைதான். சனிக்கிழமை காலையில் அங்கே, லினக்ஸ் என்ற இலவச கம்ப்யூட்டர் சிஸ்டத்தை விரும்புகிறவர்களின் சங்கம் கூடும். ஒரு காலத்தில் பதினைந்து இருபது பேர் கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். லினக்ஸ் போடுவது அப்போது லேசுப்பட்ட வேலையில்லை. ஒன்றைச் சரி செய்தால் சவுண்டு போய்விடும், சவுண்டு வந்தால் பிரின்ட்டர் படுத்துவிடும். அதனால் சங்கத்துக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. பெட்டியைத் திறந்துவிட்டால் அது ஓடுகிறவரை யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. முதல் வருஷம் லீலண்ட் மாக்கியின் பெட்டி அடம்பிடித்தபோது, அவன் கர்ட்டிஸ் வீட்டு பேஸ்மென்ட் சோபாவிலேயே மூன்று நாள் கிடந்தான். கர்ட்டிஸின் மனைவி மார்லிஸ் மூன்று வேளையும் ஹாட்டிஷ் என்கிற, கறியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட சாப்பாட்டைச் செய்து கீழே அனுப்பினாள். நட்பு அந்த சோபாவில்தான் தொடங்கியது.

இப்போதெல்லாம் எந்த சிஸ்டமும் தானாகவே ஓடுகிறது. உதவி கேட்டு யாரும் வருவதில்லை. மிச்சமிருப்பது மூன்று பேர்: கர்ட்டிஸ், லீலண்ட், பிறகு நாடீன் ப்ரூயிட். ஸ்கூல் பஸ் ஓட்டும் நாடீன் வைத்திருப்பது லினக்ஸ்காரர்களுக்கு ஆகாத மேக் கம்ப்யூட்டர். இவர்களை வெறுப்பேற்றுவதற்காகவே அதை மேஜை மேல் பளபளவென்று திறந்து வைப்பாள். மூன்று பேரும் ஒருவர் சொன்னதை மற்றவர் ஒத்துக்கொண்டதாகச் சரித்திரமே இல்லை. கர்ட்டிஸும் லீலண்டும் சண்டை போட்டால் பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து போய்விடுவார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இருவரும் அவரவர் வீட்டிலிருந்து ஒரே டாங்கி கேமில் ஒரே அணியில் ஆடுவார்கள், அங்கேயும் சண்டைதான்.

போன வசந்தத்தில் லீலண்ட் மாறிப்போனான். காகித ஆலையில் அவன் வேலை செய்த பகுதியை மூடிய பிறகு, ‘அங்கங்கே வேலை பார்க்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவன், ஒரு சனிக்கிழமை மூலை தேய்ந்த பழைய லேப்டாப்போடு வந்தான். திறந்தால் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அவ்வளவுதான்.

“உன் பெரிய பெட்டி எங்கய்யா? விமானம் மாதிரி இரைஞ்சுக்கிட்டு கிடக்குமே” என்றான் கர்ட்டிஸ்.

“குடுத்துட்டேன். மனுஷனுக்கு இவ்வளவு போதும். மவுஸ்ங்கறது தனக்கு என்ன வேணும்னு தெரியாதவனுக்கு.”

“செவ்வாக்கிழமை கேம்?”

“படம் காட்டுற கேம் எல்லாம் சின்னப் பசங்களுக்கு. நான் இப்ப இதைத்தான் ஆடறேன்.” திரையில் ஒரு ஒற்றை எழுத்து, புள்ளிகளுக்கு நடுவே சுரங்கத்தில் நடந்துகொண்டிருந்தது. அந்த எழுத்துதான் வீரனாம்.

கர்ட்டிஸுக்கு மனசு விட்டுப்போயிற்று. உள்ளுக்குள் வலித்தது செவ்வாய்க்கிழமைக்காக, வெளியே சண்டை போட்டது கறுப்புத் திரையோடு. கோடை முழுக்க விடவில்லை. ‘சாமியார்’ என்று பெயர் வைத்தான். எளிமை என்பதும் ஒருவகைத் திமிர்தான் என்று நீளமாகப் பேசினான். லீலண்டும் விட்டுக்கொடுக்காமல் வேதாந்தம் பேசினான். இரண்டு பேருமே அதைக் கொள்கைச் சண்டை என்றே நடத்தினார்கள்.

அந்தச் சனிக்கிழமைகளில் லீலண்ட் தலை ஈரமாக வந்தான். நகராட்சி நீச்சல்குளத்திலிருந்து வருகிறானாம். ஐம்பது வயதுக்கு மேல் நீச்சல் முட்டிக்கு நல்லதா என்பதில் கர்ட்டிஸுக்கு ஒரு கருத்து இருந்தது. லீலண்ட் எல்லாருக்கும் முன்னால் வந்து சுவரோரம் பிளக் இருக்கும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒரே காபியைத் திரும்பத் திரும்ப நிரப்பிக்கொண்டான். அக்டோபரில் ஒருநாள் கர்ட்டிஸின் டயர் கடைக்கே வந்து கேட்டான்.

“எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு ராத்திரி ஹீட்டர் ஃபேனை விட்டு விட்டுப் போட்டா, காலைல வண்டி ஸ்டார்ட் ஆகுமா?”

ஏரி உறையப் போகிறது, லீலண்டும் கடைசியில் உறைந்த ஏரி மேல் வண்டியை நிறுத்தி ராத்திரி மீன் பிடிக்க இறங்கிவிட்டான் என்று கர்ட்டிஸ் மகிழ்ந்துபோனான். இந்த ஊரில் அப்படிக் கேட்டால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். பேட்டரி பற்றி அரைமணி நேரம் சொன்னான், முடிவில் எந்தத் தூண்டில் நல்லது என்பதையும் சொன்னான். லீலண்ட் கவனமாகக் கேட்டுக்கொண்டு நன்றி சொன்னான்.

நவம்பரில் முதல் பனி விழுந்த வாரம், டோனட் கடைக்குள் நேர்த்தியான கோட்டு போட்ட ஓர் அம்மா காகிதம் செருகிய அட்டையும் பேனாவுமாக மேஜை மேஜையாக வந்தார். ஏரிக்கரை வண்டி நிறுத்தத்தில் ராத்திரி ஆட்கள் காருக்குள்ளேயே தூங்குகிறார்களாம். அதைத் தடை செய்யச் சொல்லி நகரசபைக்கு மனு.

கர்ட்டிஸுக்கு அதைப் பற்றிக் கருத்தே கிடையாது. ஆனால் ஒருவர் எதிரே நின்று கேட்கும்போது கருத்தில்லை என்று சொல்ல அவனுக்குப் பழக்கமில்லை.

“சரியாத்தான் சொல்றீங்க. ஏரி எல்லாருக்கும் பொது. வேணும்னா எங்கயும் வேலை கிடைக்கும், இவங்களுக்கு அதுதான் புடிச்சிருக்கு. ஒருமாதிரி வாழ்க்கை முறை அது” என்றபடியே கையெழுத்துப் போட்டுப் பேனாவை லீலண்ட் பக்கம் தள்ளினான்.

நாடீன் எழுந்து காபி எடுக்கப் போய்விட்டாள்.

லீலண்ட் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அட்டையைப் பார்த்தான். கர்ட்டிஸ் சண்டைக்குத் தயாராக நாற்காலியை முன்னுக்கு இழுத்தான். இதோ வருகிறது என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

“கர்ட்டிஸ் சொல்றது சரிதான்” என்றான் லீலண்ட். கையெழுத்துப் போட்டான்.

கர்ட்டிஸுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போயும் கோட்டைக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றான்.

“லீலண்ட் நான் சொன்னதை ஒத்துக்கிட்டான்” என்றான் மார்லிஸிடம்.

“அப்ப நீ ஜெயிச்சுட்ட. காலைத் துடைச்சுட்டு உள்ள வா.”

“இல்ல மார்லிஸ். பத்தொன்பது வருஷமா பனி வெள்ளைன்னு நான் சொன்னாக்கூட அவன் ஒத்துக்கிட்டதில்ல. உடம்பு கிடம்பு சரியில்லையோ?”

அந்த வாரம் முழுக்க அவன் அரைகுறையாகத்தான் கருத்துச் சொன்னான். தன் கருத்து சரியாக இருந்திருக்குமோ என்று முதலில் யோசித்தான், அது நம்பும்படியாக இல்லை. லீலண்ட் கோபித்துக்கொண்டிருப்பானோ என்று யோசித்தான். கோபப்பட்டால் கத்துவானே. சனிக்கிழமை வந்தது, லீலண்ட் வரவில்லை. பிளக் நாற்காலி காலியாக இருந்தது.

நாடீன் வருவதற்குள்ளேயே கர்ட்டிஸ் கிளம்பிவிட்டான். அவனிடம் ஒரு யோசனை இருந்தது. வீட்டுக்குப் போய், சும்மா கிடந்த, கேம் ஓடும் நல்ல லேப்டாப் ஒன்றை டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டான். இதைக் கொடுத்தால் சாமியார் மறுபடி டாங்கிக்குத் திரும்புவான், சண்டை போடுவான், எல்லாம் பழையபடி ஆகிவிடும். சீடர் தெருவில் லீலண்டின் வீட்டு மணியை அடித்தான். கைக்குழந்தையோடு ஒரு இளம்பெண் கதவைத் திறந்தாள்.

“மாக்கியா? எங்களுக்கு முன்னாடி இருந்தவருங்களா? நாங்க ஏப்ரல்லயே வந்துட்டோமே.”

கர்ட்டிஸ் டப்பாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு படியிலேயே நின்றான். ஏப்ரல். ஏப்ரலில்தான் கறுப்புத் திரை வந்தது. எதை முதலில் நினைப்பது என்றே அவனுக்குத் தெரியவில்லை. ஈரத்தலை, பிளக், ஹீட்டர் ஃபேன், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து இடித்தன. குளிரில் குழந்தை தும்மியதும் அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டுக் கதவைச் சாத்தினாள்.

டோனட் கடைக்கே திரும்பிப் போனான். நாடீன் தனியாக உட்கார்ந்திருந்தாள், மேக்கைத் திறக்கவில்லை.

“உனக்குத் தெரியுமா?” என்றான்.

“தினம் காலைல அந்த ஏரிக்கரை வழியாத்தான பஸ்ஸை ஓட்டறேன். பச்சை ப்யூக்கு காரு. தெரியாம என்ன.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நாடீன்.”

“சொல்லாதேன்னான். நீ கருத்துச் சொல்லுவியோன்னு பயந்தான்.”

அவள் குத்துவதற்காகச் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்னும் ஆழமாகக் குத்தியது. சாமியார் என்று கூப்பிட்ட ஒவ்வொரு சனிக்கிழமையும் கர்ட்டிஸுக்கு நினைவு வந்தது. வீடு போனவன் ஒருவன், வீடு போனதை ஒரு கொள்கையாக மாற்றி எதிரே உட்கார்ந்து பேசியிருக்கிறான், இவனும் அதை வரிக்கு வரி மறுத்துப் பேசியிருக்கிறான். அவமானத்தில் காது சுட்டது.

ஏரிக்கரையில் ஐந்தாறு கார்கள் நின்றன. பச்சை ப்யூக்கின் கண்ணாடிக்குள் துண்டு தொங்கியது. ஸ்டியரிங் மேல் லேப்டாப்பைச் சாய்த்து வைத்துக்கொண்டு லீலண்ட் உட்கார்ந்திருந்தான். கர்ட்டிஸைப் பார்த்ததும் முகம் இறுகியது. பிறகு கையை நீட்டி மறுபக்கக் கதவின் பூட்டை எடுத்துவிட்டான்.

கர்ட்டிஸ் ஏறி உட்கார்ந்தான். காரில் சோப்பு வாசனையும் ஈரக் கம்பளி வாசனையும் இருந்தன. திரையில் அந்த ஒற்றை எழுத்து அசையாமல் நின்றது.

“சொல்லு. என்னவோ சொல்லத்தான வந்திருக்க” என்றான் லீலண்ட்.

“தெரியலய்யா. நெஜமாவே ஒண்ணும் தெரியல.” கர்ட்டிஸ் கையுறையைக் கழற்றினான், மறுபடி மாட்டினான். “அந்த அட்டையில நீ ஏன்யா கையெழுத்துப் போட்ட?”

“நீ பாத்துக்கிட்டு இருந்தியே. வேற என்ன பண்றது?”

இருவரும் உறைந்துகொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தார்கள். என் வீட்டுக்கு வா என்று சொன்னால் இவன் வரமாட்டான். அது கர்ட்டிஸுக்குத் தெரியும், அந்த ஒன்று மட்டும்தான் அப்போது அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

“பேஸ்மென்ட்ல பழைய மெஷின் ஒண்ணத் திறந்து வச்சிருக்கேன்” என்றான். “பூட் ஆகல. கறுப்புத் திரையில நின்னுடுது. எனக்கு உன்னோட அந்தக் கட்டளை எல்லாம் தெரியாது.”

“பொய் சொல்ற.”

“திறந்து வச்சிருக்கேன்யா. நம்ம சட்டம் என்ன? ஓடறவரைக்கும் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது.”

லீலண்ட் திரையில் நின்ற எழுத்தைப் பார்த்தான். பிறகு கேட்டான், “அதுல என்ன சிஸ்டம் போடணும்?”

“நீயே பாத்துப் போடு. எனக்குக் கருத்து இல்ல.”

“எவ்வளவு நாள் ஆகும்னு நினைக்கிற?”

“பனிக்காலம் முழுக்க ஆகும். ரொம்ப மோசமான மெஷின்.”

லீலண்ட் லேப்டாப்பை மூடினான். முகத்தைக் கைப்பின்புறத்தால் துடைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினான். இரண்டு தடவை இருமிவிட்டு வண்டி கிளம்பியது. சாலையில் ஏறும்போது சக்கரம் லேசாக வழுக்கியது. வண்டிக்கு இன்னும் பனிக்கு ஆகாத கோடை டயர்தான், அதுவும் வழவழவென்று தேய்ந்திருந்தது. கர்ட்டிஸ் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். மெயின் தெரு வரைக்கும் மூடியே வைத்திருந்தான்.

“டயரைப் பத்தி ஏதாவது சொல்லணுமா?” என்றான் லீலண்ட்.

“ஒண்ணும் இல்ல.”

“சொல்லித் தொலைய்யா. நீ பேசாம உட்கார்ந்தா எனக்கு பயமா இருக்கு.”

கர்ட்டிஸ் டயரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். லீலண்ட் ஒவ்வொன்றுக்கும் தப்பு, தப்பு என்று தலையாட்டிக்கொண்டே ஓட்டினான்.